இடக்கைக்கு ஒரு வட்டு

சனிக்கிழமை, ஆறரை மணி.
ஹெசரகட்டா சாலைக்கு உள்ளே தைலமரத் தோப்பில்
சம்பங்கி தன் ஆம்னியின் பின்கதவைத் தூக்குகிறான்.
தக்காளிக் கிரேட்டில் நிமிர்த்தி அடுக்கிய வட்டுகள்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் நான்கு எண்கள்:
வேகம், மிதப்பு, திருப்பம், சாய்வு.

ஜாதகம் பார்க்கிறவள்போல் குனிந்து நிற்கிறேன்.
என் பாடு வேறு.
எண்களெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு.
மூன்றாவது மைனஸ் என்றால்
வேகத்தில் வலப்பக்கம் திரும்பும் என்பார்கள்,
எனக்கு இடம்.
நான்காவது பெரிதென்றால்
ஓய்கிறபோது இடப்பக்கம் சாயும் என்பார்கள்,
எனக்கு வலம்.
பள்ளிக் கத்தரிக்கோல்,
கல்லூரி நாற்காலியில் ஒட்டிய பலகை,
வங்கியில் சங்கிலி போட்ட பேனா,
எல்லாவற்றையும் திருப்பிப் போட்டே பழகிய கை
இதையும் திருப்பிப் படிக்கிறது.

சிவப்பை எடுக்கிறேன்.
பன்னிரண்டு, ஐந்து, மைனஸ் ஒன்று, மூன்று.
"அது வேணாம்மா, உன் கைக்கு அவ்ளோ ஸ்பீடு இல்ல."
கோபம் வருகிறது. எறிகிறேன்.
பன்னிரண்டு என் தோளில் எட்டரையாகி
பாதி வழியில் மனம் மாறி
வலப்பக்கம் சரிந்து
உண்ணிப்புதருக்குள் போய் விழுகிறது.
எடுத்து வந்தபோது முழங்கையில் மூன்று கீறல்.
அவன் கிரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்,
தக்காளி வாங்க வந்தவன்போல.

பையில் ஒரு பச்சை இருக்கிறது,
எண்ணூரில் தம்பி வாங்கித் தந்தது.
அங்கே உப்புக்காற்றில் பருந்துபோல் நின்று
யோசித்துவிட்டு இறங்கும்.
இங்கே மூவாயிரம் அடி உயரம், காற்று மெலிசு,
யோசனையெல்லாம் இல்லை,
இறங்கிவிடுகிறது.
அதன் மேல் எழுதிய ஐந்து
இன்னும் ஐந்தாகவே இருக்கிறது.

எனக்கு வேண்டியது ஆறாவது கூடைக்கு ஒன்று.
இரண்டு மரங்களுக்கு நடுவே சந்து,
தாண்டினால் தண்ணீர்த் தொட்டி,
தொட்டியைச் சுற்றி இடப்புறம் கூடை.
மற்றவர்களுக்குச் சுலபம்,
வட்டு களைத்தால் தானாக இடம் சாயும்,
சாய்ந்த இடத்தில் கூடை.
அவர்கள் களைப்பில் செய்வதை
நான் வேகத்தில் செய்தாக வேண்டும்.

கிரேட்டின் அடியில் ஓர் ஆரஞ்சு.
விளிம்பெல்லாம் எலி கடித்ததுபோல்,
எண்கள் தேய்ந்து ஏதோ ஒரு ஏழின் கொம்பு மட்டும்.
மரத்தில் மோதி மோதி நைந்தது
அதிகம் திரும்பும் என்று எனக்கும் தெரியும்.
உட்பக்கம் மார்க்கரில்:
டெய்ஸி ராணி, காக்ஸ் டவுன், ஒரு ஃபோன் நம்பர்.

"கூப்ட்டியா?"
"கூப்ட்டேன். குவைத் போய்ட்டாங்களாம்.
இங்க மோதறதுக்கு ஒரு மரம்கூட இல்ல,
நீயே வெச்சுக்கோன்னுட்டாங்க."
"இடக்கையா, வலக்கையா?"
"அதை ஏன்மா நான் கேக்கப் போறேன்?"

முதல் எறி மரத்தில்.
டெய்ஸி ராணியின் கடிகளோடு என்னுடையதும் ஒன்று.
இரண்டாவது சந்தில் நுழைந்தது,
நான் கேட்டதைப்போலவே இடம் திரும்பியது,
தொட்டியைச் சுற்றியது,
பிறகு நான் கேட்காததையும் செய்தது.
திரும்பிக்கொண்டே போய்
வேலிக்கு அப்பால் கேழ்வரகுக் கொல்லையில் இறங்கியது.

மருந்தடித்துக்கொண்டிருந்தவர்
முதுகுத் தொட்டியைக் கழற்றாமலே குனிந்து எடுத்தார்.
இரண்டு பக்கமும் பார்த்தார்,
சாப்பிடுகிற தட்டா என்பதுபோல.
பிறகு கவிழ்த்துப் பிடித்து
கல்லெறிவதுபோல் எறிந்தார்.
தள்ளாடித் தள்ளாடி வந்து
கூடைக்கு நாலடியில் படுத்துக்கொண்டது.
இரண்டு மாதமாய் நான் போட்டதில் எதுவும்
அவ்வளவு கிட்டே விழுந்ததில்லை.

"முந்நூறு," என்றான் சம்பங்கி.
"எண்ணே இல்லாததுக்கா?"
"இருநூத்தம்பது. ஸ்வல்ப பனியைத் தொடச்சிட்டு எழுது."

துப்பட்டாவில் துடைத்தேன்.
டெய்ஸி ராணியை அடிக்கவில்லை.
அவள் எண்ணுக்குக் கீழே என் எண்ணை எழுதினேன்.
எழுதுகிற கையே பின்னால் வந்து தேய்த்துவிட்டதால்
கடைசி மூன்று இலக்கங்களில்
மை கொஞ்சம் இழுபட்டிருக்கிறது.